கைப்பைக்காரியின் பாடங்கள்

அத்தை அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

திருத்தணியில் எங்கள் தெருவின் கடைசியில் இருந்த விசைத்தறி ஷெட்டில் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூலைச் சுற்றித் தரும் வேலை. பதினாறு தறிகள் ஒன்றாக ஓடும் இடத்தில் சத்தம் காதுக்கு வருவதில்லை, நேராக நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மலைமேலிருந்து ஒலிபெருக்கியில் வரும் முருகன் பாட்டுகூட அந்தக் கதவோடு நின்றுவிடும். ஷெட்டை ஒட்டி முதலாளியின் வீடு. இரைச்சல் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலர் டிவி, இந்தப் பக்கம் அத்தையின் தார் மிஷின். எல்லாத் தறியும் சேர்ந்து ஓடும்போது கரண்டு போதாமல் படம் நாலு பக்கமும் சுருங்கி ஒரு கைக்குட்டை அளவுக்கு ஆகிவிடும். அந்தக் கைக்குட்டைக்குள்தான் வாரம் ஒருமுறை, சாயங்காலத்தில், அவள் வந்தாள்.

இந்தித் தொடர். பெயர் இந்தி எழுத்தில் வந்து போகும். தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் பேசுகிற ஊர் எங்களுடையது. இந்தியோ, ரயிலேறி வந்தும் எங்கள் ஸ்டேஷனில் இறங்காமல் போய்விட்ட பாஷை. அதனால் தொடருக்கும் பெயரில்லை, அவளுக்கும் பெயரில்லை. தோளில் எப்போதும் ஒரு பெரிய தோல் பை இருந்ததால் ஷெட்டில் அவளைக் கைப்பைக்காரி என்றார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் தூக்கில் டீ கொண்டுபோவேன். அத்தை ஒரு கண்ணைச் சுழலும் குச்சிகள் மேலும் மற்றதைக் கண்ணாடி மேலும் வைத்திருப்பாள். கதை எல்லா வாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு ஆபீஸ். மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுவான். கைப்பைக்காரி அவன் சொல்லாமலே நாற்காலியில் உட்காருவாள். தண்ணீர் குடிப்பாள். அவன் இன்னும் வேகமாகக் கையை ஆட்டுவான். இவள் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, கதவு வரை போய், பிடியில் கைவைத்துத் திரும்பிப் பார்ப்பாள். அப்படியே முகம் உறைந்து நிற்க, எழுத்துகள் மேலே ஓடத் தொடங்கும். அடுத்த வாரம் வேறு ஆபீஸ், வேறு ஆள். மேஜை முன்னைவிடப் பெரியது.

"பாத்தியா பாப்பா, மேல மேல போய்கினே கீறா," என்பாள் வீட்டுக்கு நடந்து வருகையில். ஷெட்டுக்குள் கத்தினாலும் கேட்காது. "அந்த ஆளு எப்டி கெஞ்சறான் பாரு. இவ மசியறதில்ல. கதவாண்ட போறா. ஒடனே கூப்ட்டு இதவிட பெரிய எடமா குடுத்துடறான்."

கதவுக்கு அப்புறம் நடந்ததை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அந்த ஷெட்டில் எல்லாருமே சத்தமில்லாத பேச்சில் தேர்ந்தவர்கள். நாற்பதடி தள்ளி நிற்கும் மேஸ்திரியின் புருவத்தைப் பார்த்தே அவன் கேட்பது நூலா வெற்றிலையா என்று சொல்லிவிடுவாள் அத்தை. அவளா ஒரு டிவிக்காரனின் கையைத் தப்பாகப் படிப்பாள்? அந்தப் படம் சிரிப்புப் படமாகவும் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சிரிக்க வைப்பதற்குக் கொஞ்சமாவது சத்தம் வேண்டியிருக்கிறது.

பார்த்துப் பார்த்து அத்தை மூன்று பாடங்கள் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று, உட்காரச் சொல்லும் வரை நிற்காதே, உட்கார்ந்துவிடு. இரண்டு, பதில் சொல்வதற்குமுன் தண்ணீர் குடி. அதற்குள் எதிராளி பாதி இறங்கி வந்திருப்பான். மூன்றாவதுதான் பெரியது. கேட்டது கிடைக்காவிட்டால் எழுந்து கதவு வரை போ. கூப்பிடுவார்கள்.

இப்போதெல்லாம் என் கைபேசிக்குத் தினமும் இப்படி ஒரு காணொளி வருகிறது. இந்தத் தொடரின் நாயகனிடம் கற்க ஏழு, அந்தத் தொடரின் வக்கீலம்மாவிடம் கற்க பத்து, வேலையில் உயர, வாழ்வில் வெல்ல. அனுப்புகிறவர்கள் படித்தவர்கள், பாஷை புரிந்து, சத்தத்தோடு பார்க்கிறவர்கள். நான் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை. அழிக்கவும் கை வருவதில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கொண்ட கையோடு, நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். நாலு தறி நின்றது. அத்தை அந்த நாலையும் பார்த்தாள்.

அவள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்றிலிருந்து தார்தான். ஆண்கள் பீடி குடிக்க வெளியே போகும்போதெல்லாம் அவர்களுடைய தறியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அறுந்த பாவு நூலை அவள் முடிச்சுப் போட்டால் முடிச்சு இருந்த இடம் தெரியாது. ஆனாலும் அந்த ஷெட்டில் தறி ஆண்களுக்கு, தார் பெண்களுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவுமில்லை. "நாளெல்லாம் சுத்தறேன். பொழுதுக்குள்ள எல்லாம் காலி குச்சியா திரும்பி வந்து நிக்குது," என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள். "தறி ஓட்டறவனுக்கு பாரு அண்ணி, சாயங்காலம் துணி கீது."

"ஆங், அந்த துணி உனுக்கா?" என்றாள் அம்மா.

"எனுக்கு இல்லதான். ஆனா கீதில்ல."

ஒத்திகை எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் முதலாளி. அரிசி டிரம்மின் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வேன். அத்தை வருவாள், உட்காருவாள், கேட்பாள், தண்ணீர் குடிப்பாள். நான் முடியாது என்பேன். அந்தச் சொல்லில் ஒரு ருசி இருந்தது. வீட்டில் அதைச் சொல்லும் உரிமையை எனக்கு யாரும் தந்ததில்லை. அத்தை எழுந்து கதவு வரை போய்த் திரும்பிப் பார்ப்பாள். நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏய், இப்ப நீ கூப்புடணும்டீ."

"யோசிச்சிகினு கீறேன்."

"மொதலாளி இவ்ளோ நேரமெல்லாம் யோசிக்க மாட்டாரு. கூப்புடு."

"அத்தே, இரு!" என்பேன். அவள் முகம் பூத்துவிடும்.

நைனாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் அரவைக் காலத்துக்கு மட்டும் வேலை பார்க்கிறவர். வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். "கீறத கெடுத்துக்காதம்மா," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. அத்தை துவைத்த சேலை கட்டியிருந்தாள். தோளில் என் பள்ளிக்கூடப் பை, புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு. என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள். முதலாளியின் ஆபீஸ் அறைக்குக் கண்ணாடிக் கதவு, பித்தளைப் பிடி. டிவியில் இருந்ததைப் போலவே. அதைப் பார்த்தே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தாற்போல் இருந்தது.

"இன்னாம்மா, மிஷின் நின்னுபோச்சா?" என்றார் முதலாளி.

அத்தை உட்கார்ந்தாள். அவர் அந்த நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஷின் ஓடிகினுதாங்க கீது. அந்த நாலு தறி சும்மா நிக்குதே, அத நான் ஓட்டறேங்க."

"நீயா?" சிரிப்புத்தான் முதலில் வந்தது அவருக்கு. "தறியில சேல மாட்டிகினா யார் பதில் சொல்றது? போம்மா. தார் கூலி வேணா அடுத்த மாசம் பாக்கலாம்."

அத்தை மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். அது வருகிற வியாபாரிகளுக்கென்று வைத்தது. முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தார். இரண்டு பாடங்களும் நன்றாக நடந்தன.

"அப்ப நான் வரேங்க."

எழுந்தாள். பையைத் தோளில் சரிசெய்தாள். ஆறேழு தப்படி. பித்தளைப் பிடியில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி போனை எடுத்து யாருக்கோ எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

நான் நடுவில் நின்றிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்குமா? அத்தையின் முகம் கதவோரம் அப்படியே உறைந்து நின்றது. அதன்மேல் ஓடுவதற்கு எழுத்துகள்தான் இல்லை. யாராவது கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வேலை எப்போதும் என்னுடையதாக இருந்ததால், தாங்க முடியாமல் நான் கத்திவிட்டேன்.

"அத்தே, இரு!"

முதலாளி போனை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை அது. "பாத்தியா, கொழந்தைக்கு கீற புத்தி உனுக்கு இல்ல. சரி, போ, போய் தார பாரு. நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல."

திரும்பி வர வழி திறந்திருந்தது. நான் திறந்த வழி. ஒரு தலையாட்டல் போதும், மிஷினுக்குப் போய்விடலாம். அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். தார் மிஷின் பக்கம் திரும்பாமல் நேரே தெருவுக்கு.

அதன்பின் எட்டு நாள் அவள் வீட்டில் இருந்தாள். அம்மா பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். "கைப்பைக்காரி வந்து ஒலை வெப்பாளா?" என்று சுவரிடம் கேட்டாள். அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியருகே உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் மணி கேட்டால் தலை நிமிரும். சாயங்காலங்களில் என்னை அனுப்புவாள். "சும்மா போய் பாரு, அந்த நாலும் ஓடுதான்னு."

"ஓடல அத்தே."

"கூப்புடுவாரு பாரு."

எங்கள் வகுப்பில் அந்த மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ரயில்வே வேலை. நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். இந்தி தெரிந்தவள். கைப்பைக்காரியைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லத் தொடங்கியதும் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, அது காமெடி! அவ ஒவ்வொரு வாரமும் எதையாவது சொதப்புவா. வெளிய போன்னு தொரத்திடுவாங்க. அவ்ளோதான் கதை."

இரண்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் அத்தை மறுபடியும், சும்மா போய் பாரு என்றாள். தெருமுனைப் பையன்கள் என்னைப் பார்த்து "அத்தே, இரு" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆத்திரமெல்லாம் அவள்மேல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழட்டும் என்றும் நினைத்தேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லா வாரமுமா?"

"ஆங். எல்லா வாரமும்."

"கூப்ட்டு பெரிய எடம் குடுக்கல?"

"யாரும் கூப்புடலியாம். ஒருத்தர்கூட."

"அப்ப அந்த பெரிய மேஜ?"

"அது வேற ஆபீசு. அவளே போய் கேட்டு சேந்துக்குவாளாம்."

"அவளேவா?"

அத்தை சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் தோளால், கடைசியில் கண்ணில் நீர் வர. எனக்குப் பயமாகிவிட்டது. நான் அவளை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் தலைவாரி, பழைய சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மொட்டைத்தலைகளும் பூக்கூடைகளும் நிறைந்த நெரிசலில் நகரி பஸ் ஏறினாள் என்று எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஷெட்டுகள் நிறைய. அங்கே ஒன்றில் சில வாரம் கழித்து அவளுக்கு முதலில் இரண்டு தறியும் பிறகு நாலும் கிடைத்தன. தலை நரைக்கும் வரை அவள் ஓட்டினாள். ஆனால் அது அப்புறம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சொன்ன சொல்லால் அத்தை எங்கோ போய்விட்டாள் என்பதுதான். கணக்குப் பாடத்தின் நடுவில் அழுது, வயிற்றுவலி என்று டீச்சரிடம் பொய் சொன்னேன்.

வாசற்படியருகே உட்கார்ந்திருந்த அந்த எட்டு நாளும் அவள் வீட்டுக்கு வரவே இல்லை, அந்தக் கண்ணாடிக் கதவின் பித்தளைப் பிடியைப் பிடித்தபடிதான் நின்றிருந்தாள் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல், நானே ஒரு வாசலில் அப்படி நின்றபோதுதான் உறைத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தாள். காலெல்லாம் புழுதி. கைகழுவிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தாள். நைனா மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா ஆச்சி?"

"மூணு ஷெட்டுல கேட்டேண்ணா. மூணுலயும் இல்லன்னுட்டாங்க. ஒருத்தன் நாய வேற அவுத்து வுட்டான்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, தட்டை நீட்டினாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு போடு."

மூன்று இடத்தில் துரத்தப்பட்டு வந்த ஒருத்திக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது என்று, எனக்குப் போட்ட சோற்றைத் தொடாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.