மாமாவின் பச்சைத் துணிகள்

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பொதியில், சிறுநீர்க் கசிவுக்குக் கட்டும், கழுவிக் கழுவிப் பாவிக்கும் துணிப் பாட்கள் இருந்தன. இப்போது அவை எனக்கே தேவைப்படுகின்றன. வயது யாரை விட்டது? உள்பக்கம் வெள்ளைத் துணி, ஈரம் கசியாத அடிப்பக்கம் கரும்பச்சை. அந்தப் பச்சையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்தோம். என் மாமா, கணவரின் தகப்பனார், அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சேர்ட்டு மடிப்புக் கலையாமல் இருந்து பேப்பர் வாசிப்பார். ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போயிற்று. பழைய துவாயை நாலாக மடித்து, அடியில் மழைக்கோட்டுத் துணி வைத்து, நாடா போட்டு நானே பாட் தைத்தேன். கறை தெரியாதென்று புறக்கோட்டைக் கடைகளில் கரும்பச்சையாகப் பார்த்து வாங்கினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை பிள்ளை. அயலட்டைக்குத் தெரிஞ்சால் நான் படியிறங்கேலாது," என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பல்கனியில் வெயில் கொட்டிக் கிடக்க, குளியலறைக்குள்ளேதான் காயப்போட்டேன்.

கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, ராணுவத்தினர் சோதனைக்கு வந்தார்கள். தொடர்மாடியில் இருந்த எல்லோரையும் படிக்கட்டடியில் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் எங்கள் குளியலறைத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தான். தன் சீருடையின் நிறத்தில், நாடாவும் வைத்து, யாருக்குத் தைத்தாய் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டான். தமிழ் வீட்டில் அந்த நிறம் புலிகளுக்குத் தைத்ததாகத் தெரியும் என்று துணி வாங்கும்போது எனக்குத் தோன்றவேயில்லை. பதில் சொல்லுமளவுக்குச் சிங்களம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஜீப்பில் ஏறு என்றான்.

மாமா முன்னால் வந்தார். கந்தோரில் பேசிய அதே திருத்தமான சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "அது எனக்கு, சேர். எனக்கு மூத்திரம் நிற்பதில்லை. மருமகள் தைத்துத் தந்தது," என்றார். சிப்பாய் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு அத்தனையையும் கீழே போட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாதான் குனிந்து பொறுக்கினார்.

வீட்டுக்குள் வந்ததும், "நான் சொல்லியிருக்க வேணும் மாமா," என்று அழுதேன்.

"எனக்காகத்தானே பேசாமல் நிண்டனீ," என்றார். "இனி ஆருக்கு ஒளிக்கிறது? வெயிலிலை போடு பிள்ளை."

அவர் அப்படி நம்பினார். நான் வாக்கைத்தான் காத்தேனா, அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கே கூச்சமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் படியிறங்கியதில்லை.

இன்று காலை, மகள் அனுப்பியதில் ஒன்றைக் கழுவிப் பல்கனிக்குக் கொண்டுபோனேன். நல்ல வெயில். எதிர் மாடியில் யாரோ நின்றார்கள். திரும்பி வந்து குளியலறைக்குள் காயப்போட்டேன்.