ஏலக்காயோடு காய்ந்த சிடி

போடிமெட்டுக்குக் கீழே அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த ஏலத்தோட்டத்து வீட்டில், சனி ஞாயிறுகளில் நானும் அக்காவும் வீடியோ கேம் ஆடுவோம். பெட்டி எனக்கென்று வாங்கியது, ஆடியது அக்கா. நான் ஆட்டத்தில் பள்ளத்தில் விழுந்துவிட்டு ரிமோட் சரியில்லை என்றால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்வாள்.

ஆடி மழையில் மலையில் எதுவும் காயாது. சட்டை, சாக்ஸ், பாடப்புத்தகம் எல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத்தான் போகும். சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்து, ஏலக்காய் வாசத்தோடு திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில், ஈரம் பூத்திருந்த விளையாட்டு சிடியையும் அக்கா காய்த்தட்டில் வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

ஆனாலும் அது ஓடியது. வீடு திரும்பும் ஒரு பெண்பிள்ளையின் கதை அந்த விளையாட்டு. காடு, குகை எல்லாம் தாண்டி அவள் ஒரு மரப்பாலத்தில் கால் வைத்ததும் திரை கறுத்துவிடும். எத்தனை முறை ஆடினாலும் அதே இடம். அந்த வருஷமே அக்காவைக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சிடியைக் காயப்போட்ட புண்ணியவதி என்ற பட்டம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இப்போது போடியில் வீட்டிலிருந்தபடியே எனக்குக் கம்ப்யூட்டர் சோலி. ஓய்வு நேரத்தில், பழைய விளையாட்டுப் பெட்டிகளைக் கம்ப்யூட்டருக்குள் போலச்செய்யும் ஒரு மென்பொருளில் ஊர்பேர் தெரியாத சிலரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். இதைக் கேள்விப்பட்ட அக்கா, பாலத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கிறதென்று பார்க்க முடியுமா என்று போனில் கேட்டாள். யாரோ ஆடி முடித்த வீடியோ இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன்.

"அடுத்தவுக போனத நான் எதுக்குத் தம்பி பாக்கணும்? நான்ல போகணும்."

அதே விளையாட்டின் நல்ல சிடி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, அதிலிருப்பதை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்து எங்கள் மென்பொருளில் ஓட்டினேன். அதே பாலம். அதே கறுப்பு. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல்.

அந்த நகலைப் படிக்கும் நிரல் பாகப்பிரிவினை ஆன வீடு போல இருந்தது. கோப்பு வகைக்கு ஒருவர் வந்து தன் பங்குக்கு ஒரு கணக்கை எழுதி வைத்திருந்தார். சிடியில் பாட்டுகள் வெளி விளிம்புப் பக்கம் இருக்கும்; பாட்டுக்கு முன்னால் சிறிது மௌனம் இருக்கும். அந்த மௌனத்தின் நீளத்தை ஒருவர் கணக்கில் கூட்டியிருக்க, இன்னொருவர் மறுபடியும் கூட்டியிருந்தார். அதனால் கடைசிப் பாட்டைச் சிடியே முடிந்துபோன இடத்தில் தேடிக்கொண்டிருந்தது நிரல். பாலத்தில் தொடங்குவது அந்தக் கடைசிப் பாட்டுதான். விளிம்பு நெளிந்த எங்கள் சிடியும் அங்கேதான் திணறியிருக்கிறது.

எல்லாக் கணக்கையும் கலைத்து ஒரே இடத்தில் எழுதினேன். நன்றாக ஓடிய வேறு விளையாட்டுகள் படுத்துக்கொண்டன. அவற்றையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். அலுப்பாக இல்லை. அந்த மழையும், ஒரே போர்வைக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த நாட்களும் கூடவே இருந்தன. அந்த நாட்களுக்காக இன்றும் ஏங்குகிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஏலக்காய் லோடோடு அக்கா ஜீப்பில் இறங்கி வந்த ஒரு மத்தியானம், அவளை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். தலை நரைத்திருந்தாலும் விரல்கள் எதையும் மறக்கவில்லை. பாலத்தில் கால் வைத்தாள். திரை கறுக்கவில்லை. பாட்டு எழுந்தது.

பாலத்துக்கு அப்பால் ஒரு வீடு. கதவு திறந்தது, பிள்ளை உள்ளே போனாள், விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான். அக்காவுக்கு ஏமாற்றமாகிவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு ஜீப்புல ஏறயில அழுதேன்ல. பொறந்த வீட்ட விட்டுப் போறேன்னு அழுறதா எல்லாரும் நெனச்சாக. இந்தப் புள்ளைய பாலத்துலயே விட்டுட்டுப் போறமேன்னுதேன் அழுதேன்."

அன்று அந்த ஜீப்பின் பின்னால் அழுதுகொண்டே ஓடியவன் நான். என்னை விட்டுப் பிரிய முடியாமல்தான் அக்கா அப்படி அழுகிறாள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.