பனியன் துணி வழியாக மூச்சுவிட்ட லாரி

"கையை உள்ள உட்டுப் பாருங்க," என்றார் இஞ்சின் சிலிண்டர்களை அறுத்துக் கொடுக்கும் போரிங் கடை பாய். விட்டேன். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடியாய் வழுக்கியது. அழகாயிருக்கிறதே என்றேன். "அழகா இருக்கறதுதாங்க கோளாறு," என்றார். ஆயில் தங்குவதற்கு அந்தச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டுமாம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. கையை எடுக்கும்போது வாய்ப்பக்கம் நகம் தட்டியது. பிஸ்டன் ரிங் ஏறி இறங்கித் தின்ற இடத்துக்கும், அது தொடாத இடத்துக்கும் நடுவில் ஒரு படி. அத்தனை வருஷ ஓட்டமும் அந்தப் படியில் வந்து நின்றிருந்தது.

லாரி என் தங்கை வீட்டுக்காரருடையது. நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்களிலிருந்து துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு ஏற்றிப்போகும் பழைய வண்டி. கொஞ்ச காலமாக நீலப் புகை கக்கியது, ஆயிலைக் குடித்தது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி தன் லாரிக்கு டிரைவராக அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "இந்த இஞ்சின் தேறுனா எனக்கு ஒருத்தன்கிட்ட கை கட்ட வேண்டியதில்லீங்க மச்சான்," என்று அவர் சொல்லித்தான், சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சின் பிளாக்கைக் கழற்றி இறக்கிக்கொண்டு அனுப்பர்பாளையம் வந்தோம்.

நாங்கள் கூடவே கொண்டுவந்த சாமான் சாக்கிலிருந்து பாய் ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே ஃபில்டர் இல்லை. காற்று போகும் வாயில் இரண்டு மடிப்பாகப் பனியன் துணி, சணல் போட்டு இறுக்கக் கட்டியது. பாய் அதை விரல்நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க, இஞ்சினுக்கு பனியன் மட்டுந்தானா? ஜட்டி வாங்கிக் குடுக்கலீங்களா?"

மாப்பிள்ளையும் சிரித்தார். "என்ன பண்றதுங்க பாய்? நிட்டிங் யூனிட் வாசல்ல நின்னாலே பஞ்சு பறந்து ஃபில்டர் அடைச்சுக்குது. எங்க லைன்ல எல்லா வண்டியும் இப்படித்தான். துணியை உதறிக் கட்டுனா வேலை முடிஞ்சுது."

"பஞ்சு நிக்குமுங்க. மண்ணு நிக்காது," என்றார் பாய்.

சிரிப்பு நின்றுபோனது. எத்தனை சாலையின் புழுதி அந்தத் துணியின் கண்களில் நுழைந்து, ஆயிலோடு குழைந்து, சுவரைத் தேய்த்திருக்கும்! ஊருக்கே துணி சுமந்த வண்டி அதே துணி வழியாகத் தன் அழிவை இழுத்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல யாருக்குத் தெரியும்? எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடியது.

பாய் அளந்து பார்த்தார். ஏற்கெனவே கடைசி சைஸ் வரை அறுத்த பிளாக். இனிப் பெரிய பிஸ்டன் கிடையாது. சுவரை இன்னும் அகலமாக அறுத்து, உள்ளே ஸ்லீவ் என்கிற புது இரும்புக் குழாயை இறக்கினால்தான் உண்டு. "சுவத்துல சதை இருக்கோணும். இருக்குதான்னு அறுத்தாத்தான் தெரியும்."

"அறுங்க," என்றார் மாப்பிள்ளை.

போரிங் மெஷின் சுற்றியது. சுருள் சுருளாய் இரும்புத் தூள் உதிர்ந்தது. ஒவ்வொரு சிலிண்டர் முடியும்போதும் மாப்பிள்ளை குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நன்றாகவே வந்தது. புது இரும்பின் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. வீட்டுக்குப் போன் போட்டு, "ஆயிருமாட்ட இருக்குது கண்ணு," என்றுகூடச் சொல்லிவிட்டார்.

கடைசி சிலிண்டரில் பாதி போகையில் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி. பாய் மெஷினை நிறுத்தினார். மாப்பிள்ளை விரலால் துடைத்தார். மறுபடி கசிந்தது, துருத் தண்ணீர். சுவருக்குப் பின்னால், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதை திறந்துகொண்டது. ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் உப்புத் தண்ணீர் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தின்றிருந்தது.

"அடைக்க முடியாதுங்களா?"

"அடைக்கலாமுங்க. காலி வண்டி ஓட்டலாம். லோடு ஏத்துனா விட்டுரும்." வேறு பிளாக் கிடைக்குமா என்றதற்கு, இந்த மாடலில் காயலான் கடையில் கிடப்பதெல்லாம் இதைவிட மோசம் என்றார்.

மாப்பிள்ளை கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று போனை வெகுநேரம் பார்த்தார். பிறகு காதில் வைத்தார். "நாந்தானுங்க சார். அந்த டிரைவர் வேலை இன்னும் இருக்குதுங்களா?" அவர் வாயிலிருந்து சார் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

பாய் மற்ற சிலிண்டர்களுக்குள் விரல் விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் அருமையா வந்திருக்குதுங்க," என்றார்.