அலாவுதீன் பாயின் அபாயச் சங்கு

எங்கள் அடுக்ககத்தின் ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் சேக் அலாவுதீன் பாயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் வரும்.

மனிதர் இருபத்தைந்து வருடம் துபாயில் இருந்தவர். ஒரு பெரிய கட்டடத்தில் தீப்பிடித்தால் ஆட்களைப் பத்திரமாகக் கீழே இறக்குவதுதான் அங்கே அவருக்கு வேலை. ஓயாமல் பயிற்சி நடத்தினாரே தவிர, ஒரு தீக்குச்சிகூட அங்கே தப்பாக எரியவில்லை. "நான் கையக் காட்டுனா நாப்பது மாடியும் வரிசையா எறங்குமுங்க" என்பார். ஊர் திரும்பியவர் கோவில்பத்துப் பக்கம் தனி வீடு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கடலோரத்தில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஆறு மாடிக் கட்டடத்தைத் தேடி வந்து எங்கள் உயிரை வாங்கினார்.

மாதம் ஒரு ஞாயிறு பயிற்சி. துபாயிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியோடு கீழே வேப்பமரத்தடியில் நின்று விசில் ஊதுவார். நாங்கள் படியிறங்கிப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். லிப்டில் வரக் கூடாது, எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. இறங்கியவர் என்ன ஆனாலும் மறுபடி மேலே ஏறக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் சிவப்பு மையில் எழுதிப் படிக்கட்டில் ஒட்டியிருந்தார். மாவரைத்த கையோடு நானே எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன்.

இறங்காத ஒரே ஆள் அவர் மனைவி ஷரீபுன்னிசா அக்கா. "அடுப்புல வேல கெடக்கு, போங்க" என்று பால்கனியிலிருந்து குரல் மட்டும் வரும். "ஊரே எறங்குது, எம் பொஞ்சாதி எறங்க மாட்டேங்குறாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொல்லும்போது பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை அக்கா தன் பேச்சைக் கேட்டு இறங்கி வந்துவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அக்காவிடம் கேட்டால் நியாயம் வேறு மாதிரி இருந்தது. "மூணு புள்ளையையும் தனியாத்தான் வளத்தேன், மங்கை. வந்துடுங்க, வந்துடுங்கன்னு போன்ல கூப்புட்டே என் தொண்ட காஞ்சு போச்சு. இப்ப என்னைய வரச் சொல்றாங்களாம்."

இதற்கு நடுவில் போன மார்கழியில் பாய் ஒரு மின்சாரச் சங்கு வாங்கி வாசலில் மாட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

போகிக்கு எரிக்கவென்று கிழிந்த தலையணை, பழந்துணி எல்லாவற்றையும் கீழே மீட்டர் அறையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்த பாய், அந்த அறையிலிருந்து புகை கசிவதைப் பார்த்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டினார், சங்கைத் தட்டிவிட்டார். எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன சங்கு, சுனாமி ஒத்திகைக்குக் கடற்கரையில் ஊதுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி ஊதியது.

இந்தக் கரையில் சங்கு ஊதினால் கால் மேலேதான் போகும். வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த கருக்களாச்சேரி மாரிக்கண்ணு, "கடலு வருது, ஏறுங்க" என்று அன்னக்கூடையோடு எங்கள் படியில் ஏறினாள். சுனாமியில் கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள். அவளே ஓடும்போது நாங்கள் யோசிக்க என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் கைலாசநாதன் டிவி ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஊறப்போட்ட இட்லி அரிசியை வாளியோடு தூக்கினேன்.

கூத்து அதோடு முடியவில்லை. சங்கைக் கேட்டுத் தெருவே எங்கள் கட்டடத்துக்குள் புகுந்தது. பாய் வாசலில் நின்று இரண்டு கையையும் வீசி வீசித் தடுத்தார். மஞ்சள் சட்டையைப் பார்த்தவர்கள், ஒத்திகைக்கு வரும் ஆள்தான் வழிகாட்டுகிறார் என்று இன்னும் வேகமாக ஏறினார்கள். கட்டடத்தைக் காலி செய்யச் சங்கு ஊதியவர், அரை நாழியில் அதை நிரப்பிவிட்டார்.

"கீழ வாங்க, எல்லாரும் கீழ வாங்க" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நான் எட்டிப் பார்த்து, "கீழ கடல் வருது பாய், நீங்க மேல வாங்க" என்றேன்.

"கடல் இல்லம்மா, தீ."

"தீயின்னா கடலு வந்து அணைச்சிடும், ஏறி வாங்க பாய்" என்றாள் மாரிக்கண்ணு.

அப்போதுதான் படிக்கட்டு வழியாகக் கரும்புகை வந்தது. பாய் சொன்ன தீ எங்களுக்கு உறைத்தது. கீழே நின்ற பாய், கைப்பிடிச் சுவரில் தெரிந்த ஒவ்வொரு முகமாகத் தேடினார். "ஷரீபா எங்க? ஷரீபாவக் காணுமே" என்றார். அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "எந்திரிச்சு மொகத்தக் காட்டுங்கக்கா" என்றேன். முட்டி வலியோடு அவர் எழுந்து வருவதற்குள், பாய் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

படிக்கட்டில் இருமல் சத்தம் மட்டும் மாடி மாடியாக ஏறி வந்தது. கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தார். முகம் கரி, சட்டை கரி, ஒரு காலில்தான் செருப்பு.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எறங்குனவங்க ஏறக் கூடாதுன்னு செவப்பு மையில எழுதுனது யாரு?"

"நீ எறங்கலியே" என்றார் பாய்.

அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "அத்தன வருஷம் கூப்புட்டேன். இன்னக்கிக் கூப்புடாமயே வந்துட்டீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து நெருப்பைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். மாடிக்கு வந்த அதிகாரி கூட்டத்தையும் மீன் கூடையையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தீப்புடிச்ச கட்டடத்துலேருந்து ஆளுங்க எறங்கிப் பாத்துருக்கேன். ஏறிப் பாக்குறது இதான் மொதத் தடவ" என்றார்.

சங்கைக் கழற்றியாகிவிட்டது. பயிற்சி மட்டும் விட்டபாடில்லை. ஆனால் இப்போது பாய் வேப்பமரத்தடியில் நிற்பதில்லை. விசிலைத் தன் வீட்டு வாசலிலேயே ஊதிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறார். முட்டிவலிக்காரி, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் இறங்குவார். அவர்களை முந்திப் போக யாருக்கும் மனசு வராமல், கீழ் மாடிக்காரர்களும் காத்திருக்க, மொத்தக் கட்டடமும் பின்னால் ஊர்கிறது. நிஜமாகவே தீப்பிடித்தால் அத்தனை பேரும் கருகித்தான் போவோம். நானும் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே இறங்குகிறேன்.