எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கமா

சகாயமேரி போய்விட்டார் என்று அவர் தம்பி போன் செய்தபோது நான் பேக்கிங் பிரிவில் நின்றிருந்தேன். "அக்கா காலைல தவறிட்டா சார். ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிருங்க" என்றார். சொன்னேன். "அந்த லேபிள் தப்புப் பண்ணுன மேரிங்களா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

நம் பனியன் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்களையும் லேபிள்களையும் சரிபார்த்தவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எழுத்தின் தலைக்கு மேல் போடும் கமா, அதுதான் அப்பாஸ்டிரபி, இடம் மாறினால் அவருக்குப் பொறுக்காது. கழிப்பறைக் கதவில் பெயிண்டர் 'லேடி' என்று எழுதி, கமா போட்டு, எஸ் சேர்த்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். "நாங்க நாப்பது பேரு இருக்கோம். ஒரே ஒரு லேடிக்குன்னு எழுதி வச்சிருக்காவ" என்று சிரிக்காமல் சொன்னார். மறுநாளே எழுத்தை மாற்றினார்கள்.

சிறுமிகளுக்கான இரவு உடை ஆர்டர் ஒன்று வந்தது. லேபிளில் 'கேர்ள்ஸ்' என்ற சொல்லில் எஸ்ஸுக்குப் பின்னால் கமா வர வேண்டும்; பல சிறுமிகளுடையது என்று அர்த்தம். மேரி அதை மாதிரித்தாளில் பேனாவால் போட்டு என்னிடம் தந்தார். கமாவுக்குப் பின்னால் எழுத்தே இல்லையே, பேனா கசிந்த பொட்டு என்று நினைத்து, நான் வெள்ளை மை தடவி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்ற மிதப்பு, கேட்கவில்லை.

லேபிள்களைத் தைத்து முடித்த பிறகு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் பிழையைப் பிடித்துவிட்டார். முதலாளி மாதிரித்தாளோடு வந்தார்.

"யாருங்க இதப் பாத்தது?"

"மேரிதானுங்க பாத்தாங்க" என்றேன்.

"நான் கமா போட்டேன் சார்" என்றார் மேரி.

"எங்கீங்க இருக்குது?"

மேரி என்னைப் பார்த்தார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தாளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அவர் அவிநாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். தங்கை கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனபோது பார்த்தேன். "நல்லா இருக்கியளா சார்?" என்று அவரே கேட்டார். சொல்லத்தான் நினைத்தேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நினைத்தால் இன்றும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து வந்ததும் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றார்.

தாளில் புரியாத ஒரு புள்ளி இருந்தாலும் எழுதியவரிடம் போய்க் கேட்டுவிடுகிறேன். மேரியால் எனக்கு வந்த பழக்கம் அது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கமாவை அழித்தவன் நான். எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மேரியிடம்தான் சொல்லவில்லை.