கிறிஸ்தவ ராக் என்று போட வேண்டாம்

எங்கள் குழு கிறிஸ்தவக் குழுவா, ராக் குழுவா என்று கள்ளக்குறிச்சியில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் நீளமாகப் பதில் சொன்னேன். இசைக்கு மதம் இல்லை, ராக் என்பது கோபத்தின் பாட்டு, கோபத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்றெல்லாம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட நான் நம்பிச் சொன்னதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் முகம் இருக்கிற பேனரில் ‘கிறிஸ்தவ’ என்ற சொல் இருக்கக் கூடாது.

காரணம் என் சாதிச் சான்றிதழ். அதில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர்க் காலனியில் பாதி வீடுகள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவை; தாலுகா ஆபீசில் எல்லாரும் இந்து. ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவர் என்று பதிவாகிவிட்டால் எஸ்.சி. போய் பி.சி. ஆகிவிடும். ஊர்த் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. தண்ணீரில் முங்கி எழுந்தவளையும் அவர்கள் பழைய இடத்தில்தான் நிறுத்தினார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு மட்டும் முங்கிய நிமிடமே நாங்கள் வேறு ஆள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசு வேலை கிடைக்கும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவார்கள், கிடைத்தவர்கள் ஓய்வு பெறும்வரை தள்ளிப்போடுவார்கள். என் அம்மா கரும்பு வெட்டப் போய் என்னை ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தவள். அவள் எனக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். “ஜெபம் பண்ணு, பாடு, இன்னா வேணா பண்ணு. தண்ணில மட்டும் எறங்கிடாத.”

குழுவில் மூன்று பேர். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் பாஸ்டர் மகன். தெற்கிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் சபை தொடங்கிய குடும்பம் அது; மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், சான்றிதழிலும் அப்படியே. தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் அவனுக்கு எல்லாமே அப்பாதான். டிரம்ஸ் வாசித்தவன் கல்வராயன் மலைக்காரன். கச்சிராயபாளையத்தில் பஞ்சர் கடையில் வேலை பார்த்தான். நான் கீபோர்டு. இருவரும் என்னைவிட இளையவர்கள், என்னை அக்கா என்பார்கள். சனிக்கிழமைகளில் சபைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பயிற்சி நடக்கும்.

சண்டை ஒரு பாட்டில் ஆரம்பித்தது. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றி என் அம்மா சொல்லக் கேட்டு பாஸ்டர் மகன் எழுதியது. கரும்புத் தோகை கீறிய கையில் வேர்வை இறங்கும் எரிச்சல், அந்தக் கையாலேயே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, இவ்வளவுதான் பாட்டு. மெட்டு அம்மா பாடும் ஒப்பாரி. அதன் மேல் கிட்டாரை அலறவிட்டிருந்தான். இயேசு என்ற பெயர் ஓரிடத்திலும் வராது.

பாஸ்டர் ஐயா முழுப் பாட்டையும் நின்றுகொண்டே கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆண்டவர் பேரு எங்கப்பா?” என்றார்.

“அந்தக் கையிலதான் இருக்காரு” என்றான் மகன்.

“இருக்கிறது எனக்குத் தெரியும். கேக்கிறவங்களுக்குத் தெரியணுமே.”

அன்றிலிருந்து ஆளுக்கொரு தீர்ப்பு. சபை மூப்பர்கள் அது உலகப் பாட்டு என்றார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே சி.டி. கடை வைத்திருந்தவர் அது ராக்கே இல்லை என்றார். “கிட்டாரு மட்டுந்தான் ராக்கு. பாட்டு எழவு வூட்டுப் பாட்டு. சும்மா ராக்கு ராக்குன்னு சொல்லிக்கினு திரியாதீங்க” என்று எங்களைக் கடை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார். மைக்செட்காரருக்கு இரண்டிலும் அக்கறை கிடையாது. “ஜெபக்கூட்டமா, ஆர்கெஸ்ட்ராவா? ஜெபக்கூட்டம்னா ஹாரன் ஏத்துவேன், ஆர்கெஸ்ட்ராவா இருந்தா பாக்ஸ் ஏத்துவேன். ஒண்ண சொல்லுங்க, வண்டி நிக்குது” என்பார். அவர் ஒருவர்தான் உருப்படியாகக் கேள்வி கேட்டார்.

இந்தக் குழப்பம் எனக்கு வசதியாகப் போயிற்று. ராக் பக்கம் சாய்ந்துகொண்டேன். எங்கிருந்தோ நியாயங்கள் வந்து விழுந்தன. பாஸ்டர் மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். “அக்கா, நீங்க சொல்றத எல்லாம் எழுதி வைக்கணும்” என்பான். அவன் உண்மையாகவே எழுதி வைத்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் சபையில் ஒரு நர்சம்மா இருந்தார். என்னைப் போலவே சான்றிதழ். ஆனால் தண்ணீரில் இறங்கியவர். அவர் மேல் யாரோ மொட்டை பெட்டிஷன் போட்டார்கள். அவர் தண்ணீரில் இறங்கியதைப் போட்டோ எடுத்து உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். விசாரணைக்கு அலைந்து அலைந்து அவர் பாதி உடம்பாகிவிட்டார். போட்டோ எடுத்தவர் சபைக்குள் இருந்த ஆளாகத்தான் இருக்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்து அல்லேலூயா சொல்கிற யாரோ ஒருவர். அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. பாஸ்டர் ஐயாவுக்கு மட்டும் தெரியும், அம்மா சொல்லியிருந்தாள். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுங்கள் என்று சபையில் கேட்கும்போது அவர் என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார்.

அந்த வருடம் டிசம்பரில் வெள்ளிமலையில் எங்கள் நிகழ்ச்சி என்று முடிவானது. ஃப்ளெக்ஸ் பேனர் வந்த புதிது, யாருக்குக் காது குத்தினாலும் பேனர் வைத்த காலம். கச்சிராயபாளையம் சாலை பிரிகிற இடத்தில் எங்கள் பேனரும் நின்றது. ‘கிறிஸ்தவ ராக் இசைக்குழு’, கீழே மூன்று முகங்கள், என் தலைக்கு மேல் ஒரு புறா. அப்போது எங்களுக்கு விழுப்புரம்தான் மாவட்டம். ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க அங்கே வரச் சொல்லிக் கடிதம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பஸ்ஸிலிருந்து பேனரைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சபைக்கு நடந்தே போனேன்.

பாஸ்டர் ஐயா, மகன், டிரம்ஸ்காரன் மூவரும் கொட்டகையில் இருந்தார்கள். அந்த வார்த்தையை எடுக்காவிட்டால் நான் வரமாட்டேன் என்றேன். ஏன் என்று மகன் கேட்டான். என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கரும்பு வெட்டுகிற கைக்கு மதம் உண்டா, அந்த வலியை ஒரு மதத்துக்குப் பட்டா போட்டுக் கொடுக்க நாம் யார் என்று கேட்டேன். சொந்த அம்மாவின் கையை எடுத்து என் பொய்க்கு முட்டுக்கொடுத்தேன். அந்த அசிங்கம் அப்போது உறைக்கவில்லை.

டிரம்ஸ்காரன்தான் சாதாரணமாகச் சொன்னான். “எனக்கு எப்பிடி போட்டாலும் ஒண்ணுதாங்கா. நாங்க எஸ்.டி. எந்த சாமிய கும்புட்டாலும் எங்க சர்ட்டிபிகேட் மாறாது. வர்ற ஈஸ்டருக்கு நான் ஞானஸ்நானம் எடுக்கறேன்.” அவன் என்னை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. மலையில் பிறந்தவன் எந்தச் சாமியையும் கும்பிடலாம், இருபது மைல் கீழே பிறந்தவள் ஒளிந்துகொண்டு கும்பிட வேண்டும். இதை எழுதி வைத்தவர்களைக் கேட்க முடியாத கோபம் அவன் மேல் வந்தது.

பாஸ்டர் ஐயா என் முகத்தைப் பார்க்காமல், “பிள்ளை இவ்வளவு தூரம் சொல்லுது. அந்த வார்த்தைய எடுத்துருங்க” என்றார். மறுநாள் அந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மூப்பர்கள் அவரைத்தான் திட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. வெள்ளிமலையில் சாயங்காலம் நான்கு மணிக்கு மேடை ஏறினோம். முன்வரிசையில் பாஸ்டர் ஐயாவும் சபையாரும், பின்னால் தரையில் மலை ஜனம், குளிருக்குப் போர்த்திக்கொண்டு. முதல் பாட்டுக்கு முன்னால் மகன் மைக்கைப் பிடித்தான். “எல்லாருக்கும் வணக்கம். நாங்க கிறிஸ்தவக் குழு கெடயாது. பாட்டுக்கு மதம் கெடயாது. கரும்பு வெட்டற கைக்கு மதம் உண்டா?” என்று நான் கொட்டகையில் பேசியதை அப்படியே ஒப்பித்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சபை வேன் கிளம்பிவிட்டது. பாஸ்டர் ஐயா மட்டும் நாற்காலிகள் காலியான வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மூப்பர்கள் அவனை நிற்க வைத்தார்கள். “நாங்க விசுவாசிங்க, எங்க குழு கிறிஸ்தவக் குழு. இத மட்டும் சொல்லு, போதும்” என்றார்கள். பாஸ்டர் ஐயாவும் அவன் தோளைத் தொட்டு, “சொல்லிருப்பா” என்றார்.

அவன் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினான். “அக்கா, நீங்க சொல்லுங்க. நம்ம குழு கிறிஸ்தவக் குழுவா?”

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. அதில் எந்தக் கண் போட்டோ எடுத்த கண் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை விழுப்புரம் போக வேண்டும். “இல்ல” என்றேன். “அவன் சொன்னதுதான் சரி.”

பாஸ்டர் ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்ணுக்கு இன்ன சிக்கல், அதற்காகப் பேசுகிறாள், அதை என் மகன் வேதமாக எடுத்துக்கொண்டான் என்று சொல்லியிருந்தால் அவன் மேல் குற்றமே இருந்திருக்காது. அவர் பைபிளை மூடிவிட்டு, “சரி, ஜெபம் பண்ணிட்டுக் கலைவோம்” என்றார். அந்த வாரத்துக்குள், ஒன்று மகன் சபையில் இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும் என்ற நிலைமைக்கு மூப்பர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவே தன்னை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அவன் கிட்டாரோடு சென்னைக்குப் பஸ் ஏறினான். நான் புதன்கிழமை விழுப்புரம் போய் வந்தேன். நான்கு மாதத்தில் வேலை வந்தது.

இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். இதில் யார் பெயரையும் எழுதாததற்கு அது ஒரு காரணம்.

பிறகு பாஸ்டர் ஐயா சபையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் தெற்கே சொந்த ஊருக்குப் போய்விட்டார். மகன் சென்னையில் கொஞ்சம் பேர் வாங்கினான். ஒரு நாள் பள்ளி விட்டு வந்து போனைத் திறந்தால் அவனுடைய பேட்டி. “எங்க ஊர்ல ஒரு அக்கா சொன்னாங்க, கோபத்துக்கு ஞானஸ்நானம் குடுக்க முடியாதுன்னு. அந்த ஒரு வார்த்தைக்காக வீட்ட விட்டு வந்தேன்” என்கிறான். கீழே கமெண்டில் முகம் தெரியாதவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். இது கிறிஸ்தவ ராக், இல்லை, இவன் விசுவாச துரோகி, இல்லை, இது ராக்கே இல்லை. நான் பயத்தில் உளறிய வாக்கியம் அது. போனைக் கட்டிலில் வீசி எறிந்தேன்.

டிரம்ஸ்காரன் கல்யாணத்துக்குப் பாஸ்டர் மகன் மலைக்கு வந்தான். கீழே இறங்கும்போது கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழ், நர்சம்மா, பெட்டிஷன், விழுப்புரம், எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. நான் யாருக்கு சொல்லப் போறேன்?”

அவனை நம்பவில்லை என்பதுதான் பதில், அதை எப்படிச் சொல்வது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“மொதல்லேர்ந்தே தெரியும்.”

“அன்னிக்கு சபையில நிக்க வச்சாங்களே, அப்பவும்?”

“அப்பவுந்தான்.”

அவன் போனை எடுத்தான். விரலால் தள்ளித் தள்ளி ஒரு நம்பரைத் தேடி அழுத்தினான். கிடைக்கவில்லை. ஊர் மாறியபோது பாஸ்டர் ஐயா நம்பரையும் மாற்றியிருந்தார்.

“அப்பா நம்பர் உங்ககிட்ட இருக்குதா?” என்று கேட்டான்.

இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் நான் பேசுகிற நம்பர். போனை எடுக்காமலேயே பத்து எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னேன். அவன் எதையும் பதிந்துகொள்ளாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.