ஊருணிப் பாதையில் ஒரு சுவர்

என் மனைவி மறைந்து நாற்பது நாள் ஆகிறது. பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது, அவள் சொன்ன ஒரு யோசனையால் நான் ஜெயித்த வழக்கின் காகிதங்கள் கைக்கு வந்தன.

காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது. என் கட்சிக்காரர் குன்றக்குடிப் பக்கத்து விவசாயி. அவர் வீட்டிலிருந்து குடிதண்ணீர் ஊருணிக்கு ஒரே பாதைதான். பக்கத்து நிலக்காரர் அதன் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். சுவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்தால் பாதையுரிமை சட்டப்படி போய்விடும். பிறகு ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு மைல் சுற்ற வேண்டும். 'நான்கு ஆண்டுகளுக்கு முன், சித்திரையில், நானே கட்டிப் பூசினேன்' என்று எதிர்த்தரப்புக்காக ஒரு முதிய கொத்தனார் பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தார். அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முன்சீப் அனுமதித்தார்.

முந்தின நாள் என் கேள்விகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீடு எழும்பிய மூன்று ஆண்டுகளும் கொத்தனார்களோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

"பொய்யி பொய்யின்னா அவரு எதுக்கு ஒத்துக்கிறாரு? வேலை மட்டம்னு சொல்லிப் பாருங்க. அதை மட்டும் தாங்க மாட்டாக" என்றாள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் கூண்டில் ஆண்டு, மாதம், கூலி எதைக் கேட்டாலும் மனப்பாடமாகப் பதில் வந்தது. முன்சீப் கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரம் என் கட்சிக்காரர் துண்டை முறுக்கியபடி நின்றார். கேள்வித்தாளைக் கீழே வைத்தேன்.

"சுவரை நேரில் பார்த்தேன். பூச்சு உப்பிக் கிடக்கிறது. விரல் பட்டாலே உதிர்கிறது. கற்றுக்குட்டி வேலையோ?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இது பாதை வழக்கா, பூச்சு வழக்கா?"

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொத்தனாரின் முகம் கறுத்தது.

"செட்டியார் வீடுகள்ல எம் பூச்சுல முகம் பாத்துத் தலை சீவுறாக, வக்கீலய்யா!"

"அப்படியானால் சித்திரை வெயிலில் காய்ந்த பூச்சு ஏன் உப்பியது?"

"வெயில்ல பூசுனா எங்க உப்பும்? போன ஐப்பசி அடைமழையில, கீழ்ப்பூச்சு காயுமுன்ன மேல்பூச்சப் போடுன்னு நெலத்துக்காரவுக தலைமேலயே நின்னாக. நான் வேணாம்னுதான்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்சீப்பின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாதையைத் திறந்துவிட அன்றே உத்தரவாயிற்று. என் கட்சிக்காரர் கும்பிட்டுவிட்டு ஊருக்கு ஓடினார். வாசற்படியில் கொத்தனார் என்னை மறித்தார். வசவை எதிர்பார்த்தேன்.

"கத்துக்குட்டி வேலைன்னு நெசமாவா சொன்னீக?"

"மழையில் அதற்கு மேல் யாராலும் பூசியிருக்க முடியாது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பாதை கிடைத்துவிட்டதை வீட்டில் சொன்னேன். கொத்தனார் கேட்டதைச் சொல்லவில்லை. தன் யோசனை அவரை நோகடித்துவிட்டதே என்று அவள் வருந்துவாள் எனத் தோன்றியது. பின்னொரு நாள் சொல்லலாம் என்றிருந்தேன்.